முடியைப் பார்த்து போதைப்பொருள் பாவித்ததை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

ஐஸ், ஹெரோயின் போன்றவை இரத்தத்திலிருந்து ஓரிரு நாளிலும், சிறுநீரிலிருந்து பெரும்பாலும் சில நாட்களிலும் போய்விடும். முடியில் மாதக்கணக்கில் தங்கும். அந்தத் தடயத்தைத் தேடுவதுதான் முடிப் பரிசோதனை.

காரணம் இதுதான். முடி வளர்வது தோலுக்குள் இருக்கும் வேரில். வேருக்கு உணவு தருவது இரத்தம். இரத்தத்தில் போதைப்பொருள் ஓடும் நேரத்தில் உருவாகும் முடிக்குள் அதுவும் சிறிதளவு மாட்டிக்கொள்கிறது.

மருதமுனைத் தறியில் சாரம் நெய்வதைப் பார்த்திருப்பீர்கள். குறுக்கே ஓடும் நூலான ஊடையில் ஒரு சிவப்பு இழை விழுந்தால், துணி நெய்ய நெய்ய அது தள்ளிப் போகும். துணியை விட்டுப் போகாது. எவ்வளவு தள்ளியிருக்கிறது என்று அளந்தால் எப்போது விழுந்தது என்று சொல்லலாம். தலைமுடி மாதத்துக்கு ஏறக்குறைய 1 சென்ரிமீற்றர் வளரும். ஆகவே வேர்ப்பக்கத்து 3 சென்ரிமீற்றர் என்பது கடந்த 3 மாதக் கதை.

பிடரிப் பக்கத்தில் பென்சில் தடிப்பளவு முடியைத் தோலை ஒட்டி வெட்டி, வேர்ப்பக்கம் எதுவென்று குறித்து அனுப்புவார்கள். இந்தக் குறி முக்கியம். முனை மாறினால் காலமே தலைகீழாகிவிடும். வெளியிலிருந்து ஒட்டிய புகை, தூசி போக முதலில் கழுவிவிட்டுத்தான் சோதிப்பார்கள். கறுப்பு முடியில் சில பொருட்கள் கூடுதலாகப் பிடிக்கும் என்பதால் அளவை மட்டும் வைத்து ஒருவரைத் தீர்ப்பிடுவது அநியாயம்.

விபத்து நேரத்தில் சாரதி போதையில் இருந்தாரா என்று முடி சொல்லும் எனப் பலர் நினைக்கிறார்கள். சொல்லாது, அன்றைய முடி தோலுக்கு வெளியே வரவே சில நாட்களாகும். விபத்து நேரத்துப் போதையை அறிய இரத்தப் பரிசோதனைதான் வேண்டும்.