54 வந்துவிட்டதே, எனக்கு என்ன நோய்?

கேள்வி: நான் சிங்கப்பூரில் இருக்கிறேன். வயது 43. எப்போதும் சோர்வு, அலுவலகத்தில் ஏசி போட்டால் கை கால் சில்லிட்டுப்போகும். சீன மருத்துவரிடம் போனேன். 60 கேள்விகள் கொண்ட தாளைக் கொடுத்து நிரப்பச் சொன்னார். 'யாங் குறைவு, மதிப்பெண் 54' என்றார். பாதி உடம்பு கெட்டுவிட்டது என்று அர்த்தமா? கஷாயமும் எழுதித் தந்திருக்கிறார், இன்னும் குடிக்கவில்லை. இனி ரத்தப் பரிசோதனை தேவையில்லைதானே? — ஒரு வாசகி

பதில்: அப்படி அர்த்தமே இல்லை, சகோதரி. முதலில் அந்தப் பயத்தை விடுங்கள்.

உங்களிடம் கொடுத்தது, பெய்ஜிங் சீன மருத்துவப் பல்கலைக்கழகத்தின் வாங் சீ குழுவினர் உருவாக்கிய உடல்வாகுக் கேள்வித்தாளாக இருக்க வேண்டும். மனிதர்களை 9 உடல்வாகுகளாகப் பிரிக்கிறது அது. ஒன்று சமநிலை, மற்ற எட்டும் ஏதோ ஒரு பக்கம் சாய்ந்தவை. 2009-இல் சீனாவில் இதையே தர அளவுகோலாக வெளியிட்டார்கள்.

யாங் என்று சீன மருத்துவத்தில் சொல்வது உடம்புக்குச் சூடு தரும் சக்தியை. யாங் குறைவுக்கு அந்தத் தாளில் 7 கேள்விகள். குளிர் தாங்குமா, வயிறும் முதுகும் சில்லென்று இருக்குமா, குளிர்ந்ததைச் சாப்பிட்டால் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாதா என்றெல்லாம் கேட்கும். 'இல்லவே இல்லை' என்றால் 1, 'எப்போதும்' என்றால் 5. நீங்கள் மொத்தம் 22 வாங்கியிருப்பீர்கள். அதில் 7-ஐக் கழித்தால் 15. அதை 28-ஆல் வகுத்து 100-ஆல் பெருக்கினால் சுமார் 54. அவ்வளவுதான் கணக்கு. 40 அல்லது அதற்கு மேல் வந்தால் 'ஆம், இந்த உடல்வாகு' என்பார்கள். 30 முதல் 39 வரை என்றால் 'சாயல் இருக்கிறது'. கடந்த ஒரு வருடமாக நீங்கள் எப்படி உணர்ந்தீர்கள் என்பதை மட்டும்தான் அது அளக்கிறது.

அதைக் குறைத்துச் சொல்லவில்லை. 'ரிப்போர்ட் எல்லாம் நார்மல்' என்று அனுப்பிவிடும் இடங்களில் யாரும் கேட்காத கேள்விகளை இந்தத் தாள் பொறுமையாகக் கேட்கிறது. அது எனக்குப் பிடிக்கும். ஆனால் ஏன் குளிர்கிறது என்பதை அதனால் சொல்ல முடியாது. தைராய்டு குறைவாகச் சுரந்தாலும் குளிர் தாங்காது, சோர்வு வரும். ரத்தசோகையிலும் அப்படியே. இந்த இரண்டில் எது இருந்தாலும் உங்கள் மதிப்பெண் ஏறக்குறைய இதே மாதிரிதான் வந்திருக்கும். இன்னொன்று, குளிர் தாங்காததைப் பற்றிய ஒரே பதில் யாங் குறைவை ஏற்றும்போதே சமநிலை மதிப்பெண்ணை இறக்கும். இரண்டு எண்களையும் பார்த்து இரண்டு கோளாறு என்று எண்ண வேண்டாம்.

ஆகவே ரத்தப் பரிசோதனை கட்டாயம் தேவை. இந்த வாரமே ஹீமோகுளோபின், இரும்புச்சத்து, தைராய்டுக்கான டிஎஸ்எச், சர்க்கரை பாருங்கள். மாதவிலக்கில் அதிகம் போகிறதா என்பதையும் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். நிரப்பிய தாளின் நகலையும் கொண்டுபோங்கள், உங்கள் தொந்தரவுகள் எல்லாம் அதில் வரிசையாக இருக்கின்றன.

கஷாயத்தில் என்னென்ன இருக்கிறது என்று எழுதி வாங்குங்கள். யாங் குறைவுக்குச் சிலர் ஃபூசீ என்ற கிழங்கைச் சேர்ப்பதுண்டு. சித்த மருத்துவத்தில் நாபி என்கிறோமே, அந்த இனம்தான். சரியாகச் சுத்தி செய்யாவிட்டால் இதயத் துடிப்பையே குலைத்துவிடும். பரிசோதனை முடிவு வரும்வரை கஷாயத்தைத் தொடங்க வேண்டாம். ரத்த அழுத்தத்துக்கோ வேறு எதற்கோ ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றால், அதை இரண்டு மருத்துவர்களிடமும் சொல்லிவிடுங்கள்.