மூன்று அடிக்கும் இரண்டரை

அன்புள்ள ஐயா,

வேலை நிமித்தமாக நெதர்லாந்தின் ஐந்தோவன் நகரத்துக்கு வந்து இரண்டு வருடமாகிறது. போன மாதம் இங்கே ஒரு பழைய சாமான் கடையில் சுவர்க் கடிகாரம் ஒன்று வாங்கினேன். உச்சியில் உலக உருண்டையைச் சுமந்து நிற்கும் ஒருவன், கீழே பேரிக்காய் வடிவில் இரண்டு பித்தளைக் குண்டுகள், உள்ளே இரண்டு மணிகள். கடைக்காரர் 'ஆண்டிக்' என்றார். கூட வேலை செய்யும் டச்சுக்காரரோ படத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "எங்கள் பாட்டி வீட்டிலும் இது இருந்தது" என்கிறார். அது போகட்டும். கடிகாரம் இரண்டு மணிக்கு இரண்டு அடிக்கிறது, இரண்டரைக்கு மூன்று அடிக்கிறது, மூன்று மணிக்கு மறுபடியும் மூன்று! இரவில் விழித்தால் ஒன்றும் புரிவதில்லை. ரிப்பேருக்குக் கொடுக்கலாமா? இவற்றைச் சேகரிப்பவர்கள் அப்படி எதைக் கண்டு மயங்குகிறார்கள்? நீங்கள் லைடனில் சில காலம் இருந்ததாக எழுதியிருந்ததால் கேட்கிறேன்.

ஒரு வாசகர், ஐந்தோவன்

அன்புள்ள நண்பருக்கு,

முதலில், அதை யாரிடமும் ரிப்பேருக்குக் கொடுத்துவிடாதீர்கள். கடிகாரம் சரியாகத்தான் அடிக்கிறது. டச்சு மொழியில் அடிக்கிறது, அவ்வளவுதான்.

அலுவலகத்தில் 'ஹால்ஃப் ட்ரீ' என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். ட்ரீ என்றால் மூன்று. ஆனால் 'ஹால்ஃப் ட்ரீ' மூன்றரை அல்ல, இரண்டரை. இது தெரியாமல் நான் ஒருமுறை ஒருவரைச் சந்திக்க ஒரு மணி நேரம் தாமதமாகப் போய் நின்றிருக்கிறேன். நாம் கடந்த மணியோடு அரையைச் சேர்க்கிறோம். அவர்களுக்கோ மூன்றாவது மணியில் பாதி ஆகியிருக்கிறது. அதனால் அவர்களுடைய பழைய கடிகாரங்கள் முழு மணியைப் பெரிய மணியிலும், அரை மணியில் வரப்போகும் எண்ணைச் சின்ன மணியிலும் அடிக்கும். எண்ணுவதற்கு முன் குரலைக் கேளுங்கள். கனத்த குரல் என்றால் மூன்று, மெல்லிய குரல் என்றால் இரண்டரை.

இதில் ஒரு வசதியும் உண்டு. அரை மணிக்கு ஒரே ஒரு அடி அடிக்கும் சாதாரணக் கடிகாரம் நள்ளிரவில் பன்னிரண்டரைக்கு ஒன்று, ஒரு மணிக்கு ஒன்று, ஒன்றரைக்கு ஒன்று என்று அடிக்கும். படுக்கையில் கிடப்பவனுக்கு எது எதுவென்று தெரியாது. டச்சுக் கடிகாரத்தில் அந்தக் குழப்பம் இல்லை. விலை என்னவென்றால் சத்தம். சாதாரணக் கடிகாரம் ஒரு நாளில் 180 அடி அடித்தால், இது 312 அடிக்கும். பக்கத்து வீட்டுக்காரர் எப்படிப்பட்டவர் என்று விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, மயக்கத்துக்கு வருவோம். ஊசல் கடிகாரமே அங்கே பிறந்ததுதான். நம் பள்ளி இயற்பியல் புத்தகத்தில் ஒளியின் அலைக் கொள்கைக்கு வரும் அதே கிறிஸ்டியான் ஹைகென்ஸ் 1656-இல் அதை உருவாக்கினார். ஹேக் நகரத்துக் கடிகாரக் கலைஞர் ஸாலமோன் கோஸ்டர் 1657-இல் அதைச் செய்து விற்கும் உரிமம் பெற்றார். அதுவரை நாளுக்குக் கால் மணி நேரம் வரை தப்பிக்கொண்டிருந்த கடிகாரங்கள், ஊசல் வந்தபின் பதினைந்து விநாடி அளவுக்கு ஒழுங்குக்கு வந்தன. கோஸ்டர் 1657-இல் செய்த ஒன்று லைடனில் புர்ஹாவே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கறுப்பு வெல்வெட் முகப்பு, சின்ன மரப்பெட்டி. பார்க்க ரொம்பச் சாதுவாக இருக்கும். அவசியம் போய்ப் பாருங்கள்.

ஆனால் என் மனம் போவது வடக்கே ஃப்ரீஸ்லாண்டுக்கு. அங்கே யவுரே என்ற சிற்றூர் கடிகாரத் தொழிலுக்குப் பேர்போனது. பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் அந்தப் பக்கத்துக் கடிகாரம் பணக்காரர்களோடு நின்றுவிடாமல் பண்ணை வீடுகளுக்கும் போனது. சுவரில் மாட்டிய ஒரு பலகையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பதால் அதற்கு 'ஸ்டூல்க்ளோக்', நாற்காலிக் கடிகாரம், என்று பெயர். இரண்டு பக்கமும் கடற்கன்னிகள். ஈயத்தில் வார்த்துப் பொன்வண்ணம் பூசிய பூவேலை. முகப்பில் கப்பலோ, மாடுகளோ, பைபிள் காட்சியோ, ஊர் ஓவியர் கையில் வந்தபடி. மாட்டின் கால் கோணலாக இருக்கும், கப்பலைவிட மாலுமி பெரியவனாக இருப்பான். சேகரிப்பவர்கள் தேடுவது இந்தக் கோணலைத்தான் என்று நினைக்கிறேன். ஒன்றைப் போல் இன்னொன்று இருக்காது.

பிறகு அதன் கயிறு. பெரும்பாலும் ஒரே ஒரு குண்டு. அதே குண்டுதான் முள்ளையும் ஓட்டுகிறது, மணியையும் அடிக்கிறது. முடிவில்லாமல் சுற்றிவரும் ஒரே வளையக் கயிறு. அது தொய்யாமல் இருக்க ஒரு சின்ன ஈய வளையம். கயிற்றை இழுத்துக் குண்டை மேலே ஏற்றும்போது மணி அடிக்கும் பக்கம்தான் சுற்றும், ஓடும் பக்கத்தில் இழுவிசை அப்படியே இருக்கும். அதாவது சாவி கொடுக்கும் நேரத்தில்கூடக் கடிகாரம் நிற்காது. இதுவும் ஹைகென்ஸ் மூளையில் உதித்ததுதான். பெட்டிக்குள் ஒளித்து வைக்காமல் எல்லாம் கண்ணெதிரே தொங்குகிறது. நான் அரை மணி நேரம் வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஊசலுக்கு நீண்ட பெட்டி வைத்தது 'வால் கடிகாரம்'. அதில் குட்டை ரகத்துக்குப் பெயர் 'கான்டோர்ட்யே'. குட்டிக் கந்தோர்! யாழ்ப்பாணத்து வாசகர்கள் சிரிப்பார்கள். அவர்கள் அலுவலகத்துக்குச் சொல்லும் கந்தோர், டச்சுக்காரர் விட்டுப்போன அதே 'கான்டோர்' தான். கோஸ்டர் உரிமம் பெற்ற மறு வருடம், 1658-இல்தான் டச்சுக்காரர்கள் யாழ்ப்பாணக் கோட்டையைப் பிடித்தார்கள்.

இப்போது உங்கள் கடிகாரம். நீங்கள் சொல்லும் உருவம் ஸான் ஆற்றுப் பகுதியின் ஸான்ஸே ரகம். அசல் பதினேழாம் நூற்றாண்டின் கடைசியில் தொடங்கியது. ஆனால் போன நூற்றாண்டில் அதே உருவத்தை ஆயிரக்கணக்கில் செய்து தள்ளினார்கள், உள்ளே பெரும்பாலும் ஜெர்மன் இயந்திரத்தை வைத்து. பின்பக்கத் தகட்டில் டார்ச் அடித்துப் பாருங்கள். எஃப்.எச்.எஸ். என்று முத்திரை இருந்தால் அது ஜெர்மனியின் ஹெர்ம்லே கம்பெனி. உங்கள் நண்பர் சொன்ன பாட்டி வீட்டுச் சாட்சியும் அந்தப் பக்கம்தான் சாய்கிறது. நானும் ஏமாந்தவன்தான். பதினெட்டாம் நூற்றாண்டு என்று ஒருவர் சொன்னதை நம்பி வாங்கி வந்த நாற்காலிக் கடிகாரத்தில், இரண்டு கடற்கன்னிக்கும் மூக்கில் ஒரே இடத்தில் ஒரே பிசிறு. திருப்பிப் பார்த்தால் இந்தக் காலத்து நட்சத்திரத் தலை திருகாணி. ஒரு வாரம் அதன் பக்கமே திரும்பவில்லை. அப்புறம் அது அரை மணிக்கு அடித்தபோது கோபம் போய்விட்டது. அசல் வாங்க வசதி இல்லாதவர்களுக்கும் அந்தச் சின்ன மணியின் குரல் ஒன்றுதான்.

'ஆண்டிக்' விலை கொடுத்திருந்தால் கடைக்காரரிடம் போய்ப் பேசுங்கள். சாமான் விலைக்கு வாங்கியிருந்தால் வாயை மூடிக்கொண்டு மாட்டிவிடுங்கள். மாட்டும்போது மட்டத்தைவிடக் காதை நம்புங்கள். டிக்கும் டாக்கும் சம இடைவெளியில் கேட்க வேண்டும். நொண்டினால் கீழ்ப்பகுதியை ஒரு நூல் அளவு இடமோ வலமோ நகர்த்திப் பாருங்கள். குண்டுகளோடு சேர்த்தால் நல்ல கனம் இருக்கும், அதனால் ஆணி அடிக்கும் முன் அது செங்கல் சுவர்தானா என்று தட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள்.