‘மேக்ரோஸ்கோபிக்’ என்றால் ‘பெருமளவு’ என்று பொருளா?

வணக்கம். சிறுநீர்ப் பரிசோதனை அறிக்கையைத் தமிழாக்கும்போது ‘மேக்ரோஸ்கோபிக் ஹெமட்டூரியா’ (ஹெமட்டூரியா என்றால் சிறுநீரில் இரத்தம் கலந்திருப்பது) என்பதைப் ‘பெருமளவு இரத்தப்போக்கு’ என்று எழுதலாமா எனக் கேட்டிருந்தீர்கள். எழுதக் கூடாது, படிக்கும் நோயாளி வீணாகக் கலங்கிப்போவார்.

‘மேக்ரோஸ்கோபிக்’ என்ற சொல் எவ்வளவு இரத்தம் என்பதைச் சொல்லவில்லை. நுண்ணோக்கியின் துணையின்றி வெறுங்கண்ணுக்கே அது தெரிகிறது என்பதை மட்டுமே சொல்கிறது. நம் கண்ணுக்கு எட்டும் மிகச்சிறிய அளவு ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர், இரத்தச் சிவப்பணுவோ 7 அல்லது 8 மைக்ரோமீட்டர்தான் (மைக்ரோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) என்பதால், தனியொரு சிவப்பணு ஒருபோதும் தெரியாது. ஆயினும் ஒரு லிட்டர் சிறுநீரில் 1 மில்லிலிட்டர் இரத்தம் கலந்தாலே நிறம் மாறிவிடக்கூடும். (அதற்காக இதை அற்பமென்று விடவும் கூடாது, மருத்துவர் பார்த்தே ஆக வேண்டிய அறிகுறி இது.) ஆகவே ‘கண்ணுக்குத் தெரியும் அளவில் சிறுநீரில் இரத்தம்’ என்று எழுதுவதே என் பரிந்துரை.

நீங்கள் அகராதியில் கண்ட ‘பேரளவு’ என்பது இயற்பியலுக்குப் பொருந்தும். அங்கே, கண்ணுக்கே தெரியாத காற்றின் வெப்பநிலையும் அழுத்தமும்கூட மேக்ரோஸ்கோபிக் பண்புகள்தாம். ஏனெனில் அவை எண்ணற்ற மூலக்கூறுகளின் கூட்டு விளைவுகளே தவிர, தனியொரு மூலக்கூறுக்கு உரியவை அல்ல.