காட்டுத்துவரையில் ஒரு கைப்பிடி

அன்புள்ள ஐயா,

எங்கள் ஊர்க் கரட்டோரம் படர்ந்திருக்கும் கொடியின் படத்தை அனுப்பியிருக்கிறேன். மூவிலை, மஞ்சள் பூ, மயிரடர்ந்த சிறு காய். காட்டுத்துவரை என்கிறார்கள். மருந்துக்கு ஆகுமா? வரப்பில் விதைத்தால் துவரையில் காய்ப்புழு குறையுமா? செழிப்பான கொடியாகப் பார்த்து ஒரு கைப்பிடி விதை எடுத்தேன், முளைக்கவில்லை.

க., தருமபுரி

அன்புள்ள க.,

அது கஜானஸ் ஸ்காரபியாய்டஸ், துவரைக்குப் பங்காளி. மருந்து விஷயத்தை வைத்தியரிடம் கேளுங்கள். வரப்பில் விதைத்துப் பயனில்லை. காயில் அடர்ந்த மயிர் பொரித்த புழுவைத் தோல்வரை இறங்க விடாது. அந்தக் காப்பு அந்தக் காயோடு சரி. துவரைக்குள் கொண்டுவர, துவரைப் பூவில் இதன் மகரந்தத்தைச் சேர்த்து, வரும் செடிகளைத் துவரையோடே பல தலைமுறை கலக்க வேண்டும். பாதியில் விட்டால் கொடியோட்டம், வெடிக்கும் காய், பொடி விதை எல்லாம் கூடவே தங்கிவிடும்.

முளைக்காததற்குக் காரணம் கல் போன்ற தோல். விதை காயோடு ஒட்டியிருந்த தழும்புக்கு எதிர்ப்புறம் பிளேடால் பொட்டளவு சீவி, இரவு ஊறவைத்து, 1 செ.மீ. ஆழத்தில் ஊன்றுங்கள்.

ஆனால் "செழிப்பான கொடியாகப் பார்த்து" என்கிறீர்களே, அங்கேதான் கோபம் வருகிறது. கைப்பிடி நிறைய விதை இருந்தென்ன, எல்லாம் ஒரு தாய் பிள்ளைகள். கண்ணுக்குச் செழிப்பு தெரியும். நோய் தாங்குவதும் வறட்சி தாங்குவதும் தெரியுமா? நீங்கள் ஒதுக்கிய நோஞ்சான் கொடியில் அது இருக்கலாம். விதை சேர்ப்பதென்றால் குறைந்தது 50 கொடி, இடைவெளி விட்டு, கொடிக்குச் சில காய். பாறை இடுக்கு, நிழல், ஓடைக்கரை எதையும் விடக்கூடாது. பழுத்த காயில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் தொடாதீர்கள், மிச்சம் கரட்டுக்கு. காய் பழுப்பேறியதும் பறியுங்கள், முற்றக் காய்ந்தால் வெடித்துச் சிதறிவிடும். துணிப்பை போதும், பாலிதீனில் வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும். கொடிக்கு ஒரு உறை, அதில் இடமும் தேதியும். எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டினால் எது எங்கே நின்றது என்பதே போய்விடும்.

ஹைதராபாத் பக்கம் பட்டான்செருவில் இருக்கும் இக்ரிசாட் என்ற பன்னாட்டுப் பயிர் ஆராய்ச்சி நிறுவனத்தின் விதைவங்கியில் துவரை மாதிரிகள் 13,000க்கு மேல், காட்டு உறவினங்களோ சில நூறுதான். அந்தச் சிலவற்றில் ஒன்றான கஜானஸ் கஜானிஃபோலியஸ்தான் கலப்பினத் துவரைக்கு ஆண்மலட்டுத் தன்மையை, அதாவது பூவில் வளமான மகரந்தம் உண்டாகாத குணத்தைக் கொடுத்தது. கரட்டைக் கல்குவாரிக்கு விடுகிறவர்கள் இந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை. நீங்களாவது பாருங்கள், தம்பி.

கரடு காப்புக்காடாக இருந்தால் முதலில் வனத்துறையிடம் அனுமதி வாங்குங்கள். எடுத்துவைத்த கைப்பிடியை வீசவேண்டாம், சீவி ஊன்றிப் பழகிக்கொள்ள உதவும்.