கிருஷ்ணகிரி அணை நீரில் கரைந்துள்ள கரிமப் பொருளை ஒளியை வைத்து அறிய முடியுமா?

வடிகட்டிய பிறகும் அணை நீர் லேசாக மஞ்சளாக இருக்கிறது, அது எங்கிருந்து வந்தது என்று கேட்டிருக்கிறீர்கள். பெருமளவு அறியலாம்.

மக்கிய இலை, மண்ணிலிருந்து வரும் பொருள்களில் பென்சீன் வளையங்கள் (ஆறு கார்பன் அணுக்கள் வளையமாகச் சேர்ந்த அமைப்பு) அதிகம். அவை 254 நானோமீட்டர் புற ஊதா ஒளியை நன்றாக உறிஞ்சும். நீரை 0.45 மைக்ரான் வடிதாளில் வடிகட்டி, குவார்ட்ஸ் குவளையில் வைத்து அளக்க வேண்டும். சாதாரணக் கண்ணாடி வேண்டாம், அதுவே அந்த ஒளியை விழுங்கிவிடும்.

உதாரணமாக, 1 செ.மீ. அகலக் குவளையில் ஒளி உறிஞ்சல் அளவு 0.12 வந்தால், ஒரு மீட்டர் நீளத்துக்கு அது 12. கரைந்த கரிமக் கார்பன் லிட்டருக்கு 4 மில்லிகிராம் என்றால், 12-ஐ 4-ஆல் வகுக்க 3 வரும். இந்த எண் 4-ஐத் தாண்டினால் பெரும்பாலும் மண், தாவர மூலம். 2-க்குக் கீழே என்றால் பாசி அல்லது கழிவுநீர் பக்கம் பாருங்கள். அணைக்கு நீர் தரும் தென்பெண்ணை ஆறு பெங்களூரு வட்டாரத்தைக் கடந்து வருவதால், கோடையையும் மழைக்காலத்தையும் தனித்தனியாக அளப்பதே என் பரிந்துரை.

அப்புறம் ஒன்று: கரைந்த இரும்பும் 254-இல் ஒளியை உறிஞ்சும். அதைத் தனியே அளந்து கழிக்காவிட்டால் எண் பொய்யாக உயரும்.