100 மெகாபிட் இணைப்பில் 11 மெகாபைட் வருவது சரியா?

கேள்வி: 100 மெகாபிட் திட்டம் எடுத்திருக்கிறேன். கோப்பு இறக்கும்போது நொடிக்கு 11 மெகாபைட்தான் காட்டுகிறது. வைஃபையில் வேகச் சோதனை செய்தால் 40 மெகாபிட். எங்கே குறை?

பதில்: முதல் எண்ணில் குறையே இல்லை. 8 பிட் சேர்ந்தது 1 பைட். 100ஐ 8ஆல் வகுத்தால் 12.5. தரவு சிறு பொட்டலங்களாகப் பிரிந்துதான் வரும்; ஒவ்வொன்றிலும் ஒட்டியிருக்கும் முகவரித் தலைப்பு கொஞ்சம் இடம் பிடித்துக்கொள்ள, 11 மெகாபைட் கிடைப்பது நல்ல இணைப்புதான்.

40 என்பதைத்தான் ஆராய வேண்டும். கணினியை லேன் கேபிளால் நேராக ரௌட்டரில் இணையுங்கள். வைஃபை, விபிஎன் (இணையப் போக்குவரத்தை வேறு சர்வர் வழியாகத் திருப்பும் சேவை) இரண்டையும் அணையுங்கள். மற்ற கருவிகளில் ஓடும் வீடியோ, அப்டேட்டுகளை நிறுத்துங்கள். பிறகு காலையிலும் இரவு 9 மணிவாக்கிலும் மூன்று முறை சோதியுங்கள். கேபிளில் 90க்கு மேல் வந்தால் தடை வைஃபையில். வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் அண்டை வீட்டு ரௌட்டர்களும் நெரிசல் செய்யும். 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறுங்கள். அது வேகமானது, ஆனால் சுவரைத் தாண்டினால் சீக்கிரம் தளர்ந்துவிடும். கேபிளிலும் இரவில் மட்டும் விழுந்தால், நேரத்தோடு திரைப்பதிவு எடுத்து இணைய நிறுவனத்திடம் கொடுங்கள். அது வலுவான சான்று.

இன்னொன்று: பின்னாளில் 300 மெகாபிட் திட்டத்துக்கு மாறியும் சோதனை 94, 95லேயே நின்றால் கேபிளைப் பாருங்கள். 100ஐத் தாண்ட இணைப்பு கிகாபிட் (1000 மெகாபிட்) வேகத்தில் இயங்க வேண்டும்; அதற்குக் கேபிளுக்குள் இருக்கும் 4 ஜோடிக் கம்பிகளும் வேண்டும். ஒன்று அறுந்தாலும் இணைப்பு பெரும்பாலும் 100க்கு இறங்கிவிடும்.