பழைய வீட்டைச் சுற்றி ஹோட்டல்: கூட்டத்தில் எதைக் கேட்பது?

கேள்வி: எங்கள் தெருவில் நூறு ஆண்டு தாண்டிய வீடு ஒன்று இருக்கிறது. அதை இடிக்காமல் மூன்று பக்கமும் ஹோட்டல் கட்டப் போகிறார்களாம். தெருவே இரண்டு கட்சியாகிவிட்டது. கருத்துக்கேட்புக் கூட்டத்தில் நான் என்ன பேசுவது?

பதில்: ‘வீட்டைத் தொடமாட்டோம்’ என்பார்கள். உண்மையாகவே தொடாமலும் இருக்கலாம். ஆனால் பக்கத்தில் தோண்டினாலே போதுமே! அதனால் அவர்கள் காட்டும் வண்ணப் படத்தை ஓரமாக வைத்துவிட்டு, கட்டடத்தையும் மண்ணையும் மேலிருந்து கீழாக வெட்டிக் காட்டும் குறுக்குவெட்டு வரைபடம் கேளுங்கள். வண்ணப் படத்தில் மரமும் மாலை வெயிலும் தவறாமல் இருக்கும். வாகன நிறுத்தத்துக்காக எவ்வளவு ஆழம் தோண்டுகிறார்கள் என்பது இருக்காது.

பழைய வீடுகளின் அஸ்திவாரம் பெரும்பாலும் ஆழமில்லாதது. பக்கத்தில் பள்ளம் தோண்டி நிலத்தடி நீரை இறைத்தால் மண் இறுகும். வீட்டின் ஒரு பக்கம் மட்டும் இறங்கும். மொத்தமாக இறங்குவதைவிட இப்படிச் சாய்வாக இறங்குவதுதான் சுவரைப் பிளக்கும். பைல் (அஸ்திவாரத்துக்காக மண்ணில் ஆழமாக இறக்கும் தூண்) அடிக்கும் அதிர்வு இன்னொரு தொல்லை. ஜெர்மனியின் டின் 4150 தரநிலை, குறைந்த அதிர்வெண்ணில் சாதாரணக் குடியிருப்பின் அஸ்திவாரத்துக்கு நொடிக்கு 5 மில்லிமீட்டர் வேகம் வரையிலான அதிர்வை ஒப்புக்கொள்கிறது. எளிதில் பாதிக்கப்படும் பாரம்பரியக் கட்டடத்துக்கு 3 மட்டுமே. உங்கள் ஊர் விதி எதுவானாலும், அதிர்வு வரம்பு எவ்வளவு, யார் அளப்பது, மீறினால் வேலையை நிறுத்தும் அதிகாரம் யாருக்கு என்ற மூன்றையும் அனுமதி நிபந்தனையில் எழுதவையுங்கள்.

எதிர்ப்பதால் என்ன ஆகிவிடும் என்பவர்களுக்கு நியூயார்க்கின் வில்லார்ட் இல்லங்களைச் சொல்லலாம். 1880களில் கட்டியவை; 1968இல் பாதுகாப்புச் சின்னமாயின. பின்னால் 50 மாடிக்கு மேல் உயர்ந்த ஹோட்டலுக்கு அவையே முகப்பாயின. முதல் திட்டப்படி உள்ளே இருந்த தங்க நிற இசைக்கூடம் போயிருக்கும். மக்கள் எதிர்த்த பிறகே அது தப்பியது. ஹோட்டல் வந்தது, கூடமும் நின்றது. ஆகவே வெளிச்சுவரோடு நிற்காமல், உள்ளே படிக்கட்டு, தளம், கதவு எவையெல்லாம் இருக்கும் என்று பட்டியல் கேளுங்கள்.

சூழலும் சேர்ந்ததுதான் பாரம்பரியச் சின்னம் என்று, பழைய கட்டடங்களைப் பாதுகாப்பது பற்றிய சர்வதேச ஆவணமான 1964ஆம் ஆண்டு வெனிஸ் சாசனமே சொல்கிறது. முற்றத்தை மூடிவிட்டு வீட்டை மட்டும் காட்டினால் அது கண்ணாடிப் பெட்டிப் பொம்மைதான்.

வேலை வரிசையை விட்டுவிடாதீர்கள். பழைய வீட்டின் சீரமைப்பு முடிந்தால்தான் ஹோட்டல் திறக்கலாம் என்று நிபந்தனை இருக்கட்டும். ஹோட்டல் ஓடத் தொடங்கிவிட்டால் வீடு தார்ப்பாயின் கீழ் வருடக்கணக்கில் காத்திருக்கும்.

உங்களுக்கு உறுத்துவது லாரியும் ஜெனரேட்டர் சத்தமும் என்றால் அதையே சொல்லுங்கள். பாரம்பரியம் என்ற போர்வை வேண்டாம். அதிகாரிகள் சுலபமாகக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

கடைசியாக, உங்கள் வீட்டுச் சுவர்களையும் தேதியோடு படமெடுத்து வையுங்கள். விரிசல் முன்பே இருந்தது என்று நாளை யாராவது சொல்லக்கூடும்.